தேசியக் கொடியை ஏற்றுதல், இறக்குதல், பேணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பள்ளிகளிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் கடைத்தெருக்களிலும் தேசியக் கொடியைப் பற்றி ஒரே விதமான ஐயங்கள் எழுகின்றன. சில ஆண்டுகளாக ஒரு குடியிருப்பின் கொடிக்கம்பத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வாய்த்திருப்பதால், என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். கொடியை ஏற்றும் காலைப் பொழுதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இறக்கிய பிறகு அதை என்ன செய்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிழைகளில் பெரும்பாலானவை நேர்வதோ அந்த இரண்டாம் பகுதியில்தான்.

தேசியக் கொடியைப் பற்றிய விதிகள் எங்கே இருக்கின்றன?

முதன்மையாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு. கொடியின் அளவு, துணி, ஏற்றும் முறை, இறக்கும் முறை, அரைக்கம்பத்தில் பறக்கவிடும் முறை ஆகியவற்றை இது விளக்குகிறது. மற்றொன்று, தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971. எவையெல்லாம் அவமதிப்பு என்பதையும் அதற்கான தண்டனையையும் இது வரையறுக்கிறது. இவற்றோடு, கொடியை வணிகச் சின்னமாகவோ விளம்பரத்துக்காகவோ பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் தொடர்பான சட்டம் தடுக்கிறது. அரசியலமைப்பின் 51-அ பிரிவு, கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் முதலாவதாக வைக்கிறது.

சாதாரணக் குடிமகன் தன் வீட்டில் ஆண்டு முழுவதும் கொடியேற்றலாமா?

ஏற்றலாம். ஆனால் இந்த உரிமை வெகுகாலமாக இருந்துவந்த ஒன்றன்று என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். முன்பு தனியார் கட்டடங்களில் குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே கொடியேற்ற இசைவு இருந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் ராய்கரில் உள்ள தம் ஆலை வளாகத்தில் நாள்தோறும் கொடியேற்றியதை அதிகாரிகள் தடுத்தபோது அவர் நீதிமன்றத்தை நாடினார். டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மைய அரசின் மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், தேசியக் கொடியை மரியாதையோடும் கண்ணியத்தோடும் பறக்கவிடுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு வழங்கும் கருத்து வெளிப்பாட்டு உரிமையின் பகுதியே என்று 2004 ஜனவரியில் உறுதிசெய்தது. அதே தீர்ப்பு, இது நிபந்தனையற்ற உரிமை அன்று என்பதையும் தெளிவாக்கியது. ஆகவே வீட்டு மாடியில் கொடியேற்றுவதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. விதிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

இரவிலும் கொடி பறக்கலாமா? மாலை ஆறு மணிக்குள் இறக்கியே ஆக வேண்டும் என்கிறார்களே?

அது 2022 ஜூலை வரை இருந்த விதி. சூரிய உதயம் முதல் மறைவு வரை மட்டுமே கொடி பறக்கலாம் என்றிருந்ததை அம்மாதத் திருத்தம் மாற்றியது. இப்போது திறந்தவெளியிலும் பொதுமக்களின் வீடுகளிலும் பகலிரவாகக் கொடியைப் பறக்கவிடலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 முதல் 15 வரை நடந்த ‘இல்லந்தோறும் மூவர்ணம்’ இயக்கத்தை ஒட்டி வந்த மாற்றம் இது. நாள்தோறும் கொடி பறக்கும் அரசுக் கட்டடங்களில் உதயம் முதல் மறைவு வரை என்ற பழைய முறையே பின்பற்றப்படுகிறது. ஞாயிறு, விடுமுறை, மழை, வெயில் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்கள் மாடியில் கட்டிவைத்துவிட்டு மறந்துபோவதைவிட, ஒருநாள் மாலையில் முறையாக இறக்கி வைப்பது மேலானது. ஐப்பசி மழையில் நைந்து, நிறம் வெளுத்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சுற்றிக்கொண்டு கிடக்கும் ஆகஸ்ட் மாதக் கொடிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கிழிந்த, அலங்கோலமான கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று விதித்தொகுப்பு நேரடியாகவே சொல்கிறது. இரவிலும் பறக்கலாம் என்ற இசைவு அந்தப் பொறுப்பிலிருந்து நமக்கு விலக்கு அளிக்கவில்லை.

கதர்த் துணியில்தான் கொடி இருக்க வேண்டுமா?

முன்பு அப்படித்தான். கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, கம்பளி, பட்டுக் கதரில் மட்டுமே கொடி இருக்க வேண்டும் என்ற விதி, 2021 டிசம்பர் 30 அன்று திருத்தப்பட்டது. இப்போது இயந்திரத்தில் நெய்த துணியும் பாலியஸ்டரும் ஏற்கத்தக்கவை. அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

கதர்க் கொடிகளுக்குப் பெயர்பெற்ற இடம் கர்நாடகத்தின் ஹூப்பள்ளியை அடுத்த பெங்கேரி. அங்குள்ள கதர் கிராமத் தொழில் கூட்டுச் சங்கம், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் சான்றோடு கொடிகளைத் தயாரிக்கிறது. துணியின் வலிமை, சாயத்தின் உறுதி, தையல், சக்கரத்தின் அளவு என ஒவ்வொன்றும் சோதனைக்கு உள்ளாகின்றன. இந்தியாவின் தர நிர்ணய ஆவணங்களில் முதல் எண்ணைத் தாங்கியிருப்பதே தேசியக் கொடிக்கான ஆவணம்தான். விலை சற்றுக் கூடுதலானாலும், நிலையான கம்பம் உள்ள பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் நான் கதர்க் கொடியையே பரிந்துரைப்பேன்.

எந்த அளவில் வாங்க வேண்டும்?

நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2 ஆக இருக்க வேண்டும் என்பதே மாறாத விதி. விதித்தொகுப்பு ஒன்பது அளவுகளைத் தருகிறது. மிகப் பெரியது 6300 × 4200 மில்லிமீட்டர், மிகச் சிறியது 150 × 100 மில்லிமீட்டர். இந்தச் சிறிய கொடி மேசைக்குரியது. 225 × 150 அளவு கார்களுக்குரியது. வீட்டு மாடிக்கு 900 × 600 போதும். நடைபாதைக் கடைகளில் விற்கும் கொடிகளில் சில ஏறத்தாழச் சதுரமாக இருப்பதும், சக்கரம் நடுவிலிருந்து விலகியிருப்பதும் உண்டு. வாங்கும்போது விரித்துப் பார்த்து, வெள்ளைப் பட்டையின் நடுவில் இரு பக்கமும் கருநீலச் சக்கரம் தெரிகிறதா, அதில் 24 ஆரங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த நிறம் எந்தப் பக்கம் வர வேண்டும்?

கிடைமட்டமாகப் பறக்கும்போது காவி மேலே, பச்சை கீழே. இதில் ஐயமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் எங்காவது ஓரிடத்தில் கொடி தலைகீழாக ஏறிவிடுகிறது. கொடியை மடித்துக் கட்டும்போது மேல்முனையின் கயிறும் கீழ்முனையின் கயிறும் இடம் மாறுவதே காரணம். மடிப்பதற்கு முன்பே காவிப் பட்டையின் மூலையில் உள்ள கண்ணியை மேல்கயிற்றோடு பிணைத்துவிட்டு, பிறகு மடித்தால் இந்தப் பிழை நேராது.

சுவரிலோ மேடையின் பின்புறத்திலோ செங்குத்தாகத் தொங்கவிட்டால், காவிப் பட்டை கொடியின் வலப்பக்கம் வர வேண்டும். அதாவது, எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் தெரியும். கொடியின் வலம் வேறு, பார்ப்பவரின் வலம் வேறு என்ற இந்த நுட்பத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கொடியேற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

கொடி விரைவாக ஏற வேண்டும். இறங்கும்போது மெதுவாகவும் கம்பீரமாகவும் இறங்க வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அங்கிருப்போர் அனைவரும் கொடியை நோக்கி நேராக நிற்க வேண்டும்; சீருடையில் இருப்பவர்கள் அவர்களுக்குரிய முறையில் வணக்கம் செலுத்த வேண்டும். கம்பத்தின் மீதோ அதற்கு மேலேயோ மாலை, பூச்சரம், வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. நம் ஊரில் கம்பத்துக்கு மாலை போடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. விதித்தொகுப்பின்படி அதுவும் கூடாது. கொடிக்குள் பூவிதழ்களை வைத்து மடிக்கலாமா என்றால், தேசிய விழாக்களில் அதற்குத் தடையில்லை என்று விதித்தொகுப்பே கூறுகிறது. பூவிதழைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. மிட்டாயை உள்ளே வைத்து மடித்த ஒரு விழாவில், கொடி விரிந்த வேகத்தில் குழந்தைகள் அணிவகுப்பைக் கலைத்துக்கொண்டு பாய்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பள்ளிகளுக்குத் தனி ஒழுங்கு உண்டு. மாணவர்கள் மூன்று பக்கங்களில் நிற்க, நான்காம் பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம் இருக்க வேண்டும். தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும் கொடியேற்றுபவரும் கம்பத்துக்கு மூன்று அடிவைப்புத் தொலைவு பின்னால் நிற்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நிகழ்ச்சி கெடுவது பெரும்பாலும் கயிற்றால்தான். கப்பியில் துரு ஏறியிருக்கும். அல்லது இழுத்தால் அவிழ வேண்டிய முடிச்சு இறுகிப்போய், சிறப்பு விருந்தினர் கயிற்றோடு போராடிக்கொண்டிருப்பார். முதல்நாள் மாலையில் ஒரு பழைய துணியை மடித்துக் கட்டி, ஏற்றி, இழுத்துப் பார்த்துவிட வேண்டும். ஒத்திகைக்குக் கொடியையே பயன்படுத்த வேண்டாம். தரையில் விழுந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கொடியை யார் ஏற்ற வேண்டும்? பதவியில் இருப்பவர்தான் ஏற்ற வேண்டுமா?

வீட்டிலும் தனியார் அமைப்புகளிலும் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். வயது, பால், பதவி என்ற வரம்பு எதுவும் இல்லை. அரசு நிகழ்வுகளில் மரபுகள் உண்டு. சென்னைக் கோட்டையில் சுதந்திர நாளன்று ஆளுநர்களே கொடியேற்றிவந்த வழக்கம், அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி மைய அரசிடம் வாதாடியதன் பயனாக 1974இல் மாறியது. அதுமுதல் சுதந்திர நாளில் முதலமைச்சர்களும் குடியரசு நாளில் ஆளுநர்களும் கொடியேற்றுகிறார்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே அந்த உரிமை என்ற வாதத்தின் வெற்றி அது.

அதே வாதம் ஊராட்சிகளுக்கும் பொருந்தும். ஆனால் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் சிலர் தங்கள் ஊரில் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்ட செய்திகள் தமிழ்நாட்டில் வந்தன. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இதைக் குறித்து மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. கொடி தலைகீழாக ஏறினால் கொதித்தெழுகிறவர்கள், ஏற்ற வேண்டியவரின் கையிலிருந்து கயிறு பறிக்கப்படும்போது அமைதியாக இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சுதந்திர நாளில் கொடியை ஏற்ற வேண்டும், குடியரசு நாளில் அவிழ்க்க மட்டும் வேண்டும் என்பது உண்மையா?

ஆகஸ்ட் 15 அன்று கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், ஜனவரி 26 அன்று உச்சியில் கட்டிய கொடியை விரிக்க மட்டுமே வேண்டும் என்ற செய்தி ஆண்டுக்கு இருமுறை வாட்ஸ்அப்பில் தவறாமல் வருகிறது. பள்ளிகளுக்கோ வீடுகளுக்கோ இப்படியொரு வேறுபாட்டை விதித்தொகுப்பு கட்டளையாக வைக்கவில்லை. உங்கள் இடத்தில் எது வழக்கமோ அதையே இரு நாட்களிலும் செய்யலாம்.

கட்சிக் கொடி, சங்கக் கொடி, பிற நாட்டுக் கொடி ஆகியவற்றோடு சேர்த்து வைக்கலாமா?

ஒரே கம்பத்தில் வேறு எந்தக் கொடியையும் சேர்த்துக் கட்டக் கூடாது. தேசியக் கொடியைவிட உயரத்திலோ, அதற்கு இணையாக அருகருகேயோ வேறு கொடி இருக்கக் கூடாது. தெருமுனைதோறும் கட்சிக் கம்பங்கள் நிற்கும் நம் ஊர்களில் இது நடைமுறைச் சிக்கலாகிறது. கட்சிக் கொடியை இறக்கிவிட்டு அதே கம்பத்தில் அன்று ஒருநாள் மட்டும் தேசியக் கொடியை ஏற்றுகிறார்கள்; கம்பம் முழுதும் கட்சியின் வண்ணமே பூசப்பட்டிருக்கும். சட்டம் இதைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டாலும், தனிக் கம்பம் ஒன்றை நடுவதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.

இதற்கு விதிவிலக்கு பிற நாடுகளின் கொடிகள்; அவற்றோடு வரிசையாக வைக்கும்போது நம் கொடி வலக்கோடியில் இருக்க வேண்டும். வரிசையின் நடுவில் அவையோரைப் பார்த்தபடி நிற்பவரின் வலமே இங்கு வலம். மற்ற நாடுகள் ஆங்கில அகரவரிசைப்படி தொடரும். இரு கொடிகளைக் குறுக்காக வைத்தால், நம் கொடியின் கம்பு மற்றதற்கு முன்னால் வர வேண்டும்.

மேடையிலும் காரிலும் கொடி வைக்கும் முறை என்ன?

மேடையில் கம்பத்தோடு நிறுத்தினால், அவையோரை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம் நிறுத்த வேண்டும். சுவரில் வைத்தால் அவருக்குப் பின்னால், அவர் தலைக்கு மேலே வைக்க வேண்டும். மேசை விரிப்பாகவோ, மேடையின் முகப்பை மறைக்கும் துணியாகவோ, சிலைத் திறப்புக்கு மூடுதுணியாகவோ கொடியைப் பயன்படுத்துவது தவறு.

காரில் கொடி கட்டிச் செல்லும் சிறப்புரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்ற குறிப்பிட்ட பதவியினருக்கே உண்டு. காரின் முகப்பு மூடியிலோ கூரையிலோ கொடியைப் போர்த்துவது எவருக்கும் அனுமதிக்கப்படவில்லை. கிரிக்கெட் வெற்றிக்குப் பின் இது மிகுதியாக மீறப்படுகிறது.

மூவர்ண ஆடை, மூவர்ணக் கேக் ஆகியவை அவமதிப்பாகுமா?

கொடியை இடுப்புக்குக் கீழ் அணியும் ஆடையிலும் உள்ளாடையிலும் பயன்படுத்தக் கூடாது. தலையணை, கைக்குட்டை, மேசைத் துடைப்புத் துணி போன்றவற்றில் அச்சிடவோ பின்னவோ கூடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2005இல் வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. கொடியின் மீது எழுத்துகளும் கூடாது. “இவண், நண்பர்கள் குழு” என்று பச்சைப் பட்டையில் அச்சடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று நிறங்களையும் சேர்த்து உடுத்துவது வேறு, கொடியையே உடையாக்குவது வேறு. கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில், மூவர்ணத்தில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் பொறித்த பெரிய கேக் வெட்டப்பட்டது வழக்காக மாறியது. 2021 மார்ச்சில் அதை முடித்துவைத்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அந்தச் செயல் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தார். விழாவில் கலந்துகொண்டவர்கள் எந்த உணர்வோடு கலைந்து சென்றிருப்பார்கள் என்பதை அவர் கருத்தில் கொண்டார். மிகைப்பட்ட தேசப்பற்று நாட்டின் வளத்துக்கே எதிரானது என்றும் எச்சரித்தார்.

அப்படியானால் எது குற்றம்? தண்டனை என்ன?

பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, கறைப்படுத்துவது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ இழிவுபடுத்துவது ஆகியவை குற்றங்கள். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டத்துக்கு உட்பட்ட வழியில் கொடியை மாற்ற வேண்டும் என்று கருத்துச் சொல்வதோ, விமர்சிப்பதோ குற்றமன்று என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஒரு மாணவன் பதற்றத்தில் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டால், அதைப் படம் பிடித்துப் பரப்புவதைவிட அமைதியாக இறக்கித் திருத்துவதே செய்ய வேண்டியது.

அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது எப்படி?

கொடியை நேராகப் பாதி உயரத்துக்கு ஏற்றி நிறுத்துவது தவறு. முதலில் உச்சிவரை ஏற்றி, அங்கிருந்து பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும் முன்பும் மீண்டும் உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் பதவியில் இருக்கும்போது மறைந்தால் நாடு முழுவதும் கொடி தாழ்த்தப்படும். வேறு சில பதவியினருக்கு விதித்தொகுப்பு குறிப்பிடும் இடங்களில் மட்டும் தாழ்த்தப்படும்; மற்றவர்களுக்கு அரசின் ஆணையைப் பொறுத்தது. துக்க நாட்களுக்கிடையே சுதந்திர நாள், குடியரசு நாள், காந்தி பிறந்த நாள், ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம் ஆகியவை வந்தால், உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தைத் தவிர மற்ற இடங்களில் கொடி முழுக் கம்பத்திலேயே பறக்கும்.

இறந்தவரின் உடல்மீது கொடி போர்த்தலாமா?

அரசு மரியாதை, படை மரியாதை, மைய ஆயுதக் காவல் படை மரியாதை ஆகியவற்றோடு நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே போர்த்தலாம். காவிப் பட்டை தலைப்பக்கம் வர வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் உடல் 2015 ஜூலை 30 அன்று ராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டபோது இந்த ஒழுங்கைத் தொலைக்காட்சியில் பலரும் கண்டிருப்பார்கள்.

இறக்கிய கொடியை எப்படி மடித்து வைப்பது?

தரையில் படாமல் இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கிடைமட்டமாக நீட்டி, காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைக்குக் கீழே மடிக்க வேண்டும். பிறகு இரு ஓரங்களையும் நடுவை நோக்கி மடித்தால், சக்கரமும் அதன் மேலும் கீழும் காவி, பச்சைக் கோடுகளும் மட்டும் தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்திச் சென்று உலர்ந்த இடத்தில் வைக்கலாம். நனைந்திருந்தால் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

கிழிந்த கொடியையும் தாள் கொடிகளையும் என்ன செய்வது?

கிழிந்த கொடியைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போடக் கூடாது. முழுமையாக, தனிமையில், கண்ணியம் குறையாத வகையில் அழிக்க வேண்டும். எரிப்பதையே விதித்தொகுப்பு முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. கொடியை எரிப்பது குற்றமாயிற்றே என்று தயங்க வேண்டாம்: பொதுவெளியில் இழிவுபடுத்தும் நோக்கில் எரிப்பதும், பயன்பாட்டுக் காலம் முடிந்த கொடியை ஒதுக்கிடத்தில் மரியாதையோடு எரித்துச் சாம்பலாக்குவதும் ஒன்றல்ல. பாலியஸ்டர் கொடி உருகிப் புகையும் என்பதால், அதற்கு மண்ணில் புதைப்பது போன்ற வேறு வழியை நாடலாம் என்பது என் எண்ணம்.

விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளில் தாள் கொடிகளை அசைக்கலாம்; ஆனால் அவற்றைத் தரையில் எறியக் கூடாது. மட்காத பிளாஸ்டிக் கொடிகளைத் தவிர்க்குமாறு உள்துறை அமைச்சகம் தொடர்ந்து அறிவுறுத்திவருகிறது. எங்கள் குடியிருப்பில் விழா முடிந்ததும் வாயிலருகே ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிடுகிறோம். குழந்தைகள் தங்கள் கொடிகளை அதில் இட்டுச் செல்கிறார்கள். நல்ல நிலையில் உள்ளவை ஜனவரிக்காக எடுத்து வைக்கப்படுகின்றன, மற்றவை மாலையில் மொட்டைமாடியின் ஒரு மூலையில் எரிக்கப்படுகின்றன. சென்ற முறை பெட்டியைக் காலி செய்தபோது, அடியில் முந்தைய ஆண்டின் கொடிகள் மூன்று கிடந்தன. யாரோ ஒரு வீட்டில் ஓராண்டு காத்துவைத்திருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.